சுட்ட தேங்காய் விருது

ஆடி முதல் தேதி சாயங்காலம் மேட்டூரிலிருந்து பவானி வரைக்கும் காவிரிக் கரையோரம் வந்தால் தெருவுக்குத் தெரு நெருப்பு எரிவதைப் பார்க்கலாம். தேங்காய் சுடும் நோம்பி. முத்தின காயாகப் பார்த்து வாங்கி, நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிப்போம். உள்ளே பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லம், ஏலக்காய். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டினால், ஓடு கருகி வெடிக்கும்போது வாசம் நாலு வீடு தள்ளிப் போகும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்றும், அதன் நினைவாகத்தான் இந்த நோம்பி என்றும் எங்கள் ஆத்தா சொல்வார்.

அப்படிச் சுட்ட தேங்காய்தான் எங்கள் ஊரில் அரசியல்வாதிக்குக் கொடுக்கிற விருது.

ஊர் சின்ன ஊர். பதினைந்து வார்டு உள்ள பேரூராட்சி. ஆற்றுப்பக்கம் பிள்ளையார் கோயில் திடலில் ஜமக்காளம் விரித்து, ஒரு மைக் கட்டி, அந்த வருடம் வார்டு உறுப்பினர்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சிரிக்கச் சிரிக்கப் படித்து, குச்சியோடு ஒரு தேங்காயைக் கையில் கொடுப்போம். விருதுகளுக்குப் பெயர் வருடத்துக்கு வருடம் மாறும். ஏணி விருது, குடம் விருது, ஆகட்டும் பார்க்கலாம் விருது, டெபாசிட் விருது. அந்த விருது மடல்களை எழுதுகிறவன் நான். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் "அடிக்க வரமாட்டாங்களா?" என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிழைப்புக்கு நான் வைத்திருப்பது டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சி நோட்டீஸ் எல்லாம் இங்கேதான் தயாராகும். இருபது வருடத்துக்கு மேல் எல்லாக் கட்சிக்கும் பேனர் வடிவமைத்திருக்கிறேன். அதில் ஒரு வரிசை உண்டு. மேலே மறைந்த தலைவர்கள் வட்டத்துக்குள், அவர்களுக்குக் கீழே இன்றைய தலைவர் ஆளுயரத்துக்கு, பக்கத்தில் மாவட்டம், அப்புறம் ஒன்றியம், கடைசியில் "இவண்" என்று போட்டுத் தீப்பெட்டிப் படம் அளவுக்கு இருபது முகம். படம் அரை அங்குலம் சிறுத்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டியவர்கள் உண்டு. பட்டங்களுக்குத் தனியாக ஒரு கோப்பே கணினியில் வைத்திருக்கிறேன். செயல்வீரர், களப்போராளி, ஏழைகளின் இதயம், எங்கள் குலசாமி. எந்தப் பெயருக்கு முன்னாலும் எதையும் ஒட்டலாம், பொருந்தும்.

ஆயிரம் பேனராவது செய்திருப்பேன். அதில் ஒன்றில்கூட அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்று எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெயர் இருக்கும், பட்டம் இருக்கும், படம் இருக்கும். செய்த காரியம் இருக்காது. எங்கள் ஆடி மடலில் இது தலைகீழ். பட்டம் கிடையாது, படம் கிடையாது, காரியம் மட்டும்தான்.

இதை ஆரம்பித்தவர் எங்கள் ஊர்க் கிளை நூலகர். நாங்கள் நூலக அய்யா என்போம். ஆரம்பித்தது 1997 ஆடி. அதற்கு ஒரு முன்கதை உண்டு.

1996-ஆம் வருடத்தை ஈரோடு மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த வருடச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கை எதுவும் காதில் விழவில்லை என்பதைக் காட்ட விவசாயிகள் ஆளாளுக்கு வேட்புமனு போட்டார்கள். அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச் சீட்டைத் தாளாக அடிக்க முடியாமல் புத்தகமாக அடித்தார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்துக்கு வரும் செய்தித்தாளை அய்யா உரக்கப் படிக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். "ஆயிரம் பேர் மனு போட்டாத்தான் ஒருத்தன் திரும்பிப் பார்க்கறான்னா, பேசறதுக்கு வேற வழியே இல்லாமப் போச்சுன்னு அர்த்தமுங்க" என்று அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதே வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதற்கு முந்தியது 1986-இல் நடந்தது. பத்து வருடம் கழித்து எங்கள் ஊருக்கு வார்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்பதும் அப்போதுதான் வந்தது. பதினைந்து பேரில் ஐந்து பெண்கள். எல்லாருமே புதியவர்கள். தறிக்காரர், மளிகைக் கடைக்காரர், பால்காரர், பீடி சுற்றுகிற அக்கா. இவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஊருக்குத் தெரியவில்லை, ஊரிடம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மனு கொடுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நேற்று வரைக்கும் கூடவே டீ குடித்த ஆள்தான், ஆனாலும் நிற்பார். இதை உடைக்க வேண்டும் என்று அய்யா நினைத்தார். நோம்பி அன்றைக்கு எல்லாரும் திடலுக்கு வருவார்கள், நெருப்பும் இருக்கும், தின்பதற்கும் இருக்கும். அன்றைக்கே வைப்போம் என்றார்.

அவர் போட்ட ஒழுங்கு ரொம்பக் கறாரானது. மேடை கிடையாது. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஜமக்காளத்தில்தான் உட்கார வேண்டும். கட்சிக்கொடி, துண்டு, கரை வேட்டி எதுவும் வேண்டாம். மடலில் இருப்பது ஊரில் நாலு பேராவது கண்ணால் பார்த்த காரியமாக இருக்க வேண்டும். சாதி, குடும்பம், உடம்பு, குடி இவற்றைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உறுப்பினரின் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருந்தால்தான் படிக்கலாம். எழுதியதை என்னிடம் வாங்கி, பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அந்தப் பிள்ளைகளை நினைத்துப் படிப்பார். பாதி வரிகள் அடிபட்டுப் போகும்.

முதல் வருட விருது பீடி சுற்றுகிற அக்காவுக்கு. நான்காவது வார்டு. அவர் வார்டில் ஒரே ஒரு பொதுக் குழாய், அதுவும் ஒழுகும். மூன்று மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்லியும் நடக்கவில்லை. நான்காவது கூட்டத்துக்கு ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், மேசை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அவர் முகம் தெரியவில்லை, குடம்தான் தெரிந்தது. அடுத்த வாரம் கேட் வால்வு மாற்றினார்கள். இதற்குத்தான் குடம் விருது.

பெயரை வாசித்ததும் எழுந்து வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். கூட்டத்துக்கு அக்காவோடு வந்து பக்கத்தில் உட்காருவதும் கையெழுத்து வாங்கித் தருவதும் அவர்தான் என்பதால் அதில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கையை நீட்டினார். நூலக அய்யா குச்சியை நீட்டவில்லை.

"குடம் தூக்கினது யாருங்க?"

"அவதானுங்க."

"அப்பத் தேங்காயும் அவங்களுக்குத்தானுங்களே."

திடல் சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா கடைசி வரிசையில், மடியில் தூங்குகிற பிள்ளையோடு இருந்தார். "எனக்குங்களா?" என்று கேட்டது மைக் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. பிள்ளையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். தேங்காய் அப்போதுதான் நெருப்பிலிருந்து எடுத்தது. குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் ஓட்டையே பிடித்துச் சுட்டுக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி அதில் வாங்கிக்கொண்டார். வெள்ளை நூல் சேலையில் கரி வட்டமாகப் படிந்தது. அந்தச் சேலையை அவர் வெகுநாள் கட்டினார். வெளுத்தும் போகாத அந்தக் கரியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வார்டுப் பெண்கள் "குடம் மெம்பர்" என்பார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த மன்றக் கூட்டத்திலிருந்து வீட்டுக்காரர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், அக்கா மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ மடல் எழுதிவிட்டேன். அந்த ஒரு ராத்திரிக்கு மேலே எதுவும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வருடம் தவறாமல் கொடுப்பது ஆகட்டும் பார்க்கலாம் விருது. பெயர் காமராசரிடமிருந்து எடுத்தது. மனுவோடு வருகிறவரிடம் அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது. முடியும் என்று வாக்குக் கொடுக்கமாட்டார், முடியாது என்று முகத்தில் அடிக்கவும் மாட்டார். ஆனால் 1954-இல் முதலமைச்சராகி 1963-இல் தானாகப் பதவியை விட்டு இறங்குகிற வரைக்கும் அந்த வார்த்தைக்குப் பின்னால் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் அணைகளும் எழுந்து நின்றன. எங்கள் ஊரிலும் எல்லா உறுப்பினரும் அதையேதான் சொல்வார்கள். பின்னால் என்ன வந்தது என்பதுதான் கேள்வி. ஆகவே இந்த விருது, சொல்லிவிட்டு மறக்காமல் செய்தவருக்கு.

ஒரு வருடம் ஏழாவது வார்டுக்காரருக்கு அதைக் கொடுத்தோம். எழுதின மடல் இன்னும் கணினியில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"ஏழாவது வார்டு உறுப்பினர் அவர்களே! மாரியம்மன் கோயில் சந்தில் விளக்கு எரியவில்லை என்றோம். ஆகட்டும் பார்க்கலாம் என்றீர்கள். தையில் கேட்டோம், மாசியில் கேட்டோம், பங்குனியில் கேட்டோம். சித்திரையில் நாங்கள் கேட்கவில்லை, நீங்களே வந்தீர்கள், தோளில் ஏணியோடு. ஏணி எட்டவில்லை. கம்பத்துக்கும் ஏணிக்கும் இரண்டடி இடைவெளி. நீங்கள் ஏணி மேல் நின்றீர்கள், ஏணியை எதிர்க்கட்சிக்காரர் பிடித்தார். பல்பு எரிந்தபோது மேலே இருந்தவர் எந்தக் கட்சி, கீழே பிடித்தவர் எந்தக் கட்சி என்று சந்தில் இருந்த யாருக்கும் நினைவில்லை. ஆகவே தேங்காயை இரண்டாக உடைத்துத் தருகிறோம்."

பேரூராட்சித் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பது. அந்த இருவரும் நேருக்கு நேர் நின்று தேர்தலில் மோதியவர்கள். ஆளுக்கு ஒரு மூடியை வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த வெல்லக் கடலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெந்த தேங்காயைச் சுரண்டித் தின்றார்கள். கம்பத்தில் ஏற அவர்களுக்கு அனுமதி கிடையாது என்று மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒருவர் பிற்பாடு கண்டித்தார். அதுவும் சரிதான். மறு வருடம் அந்தக் கண்டிப்பையும் மடலில் சேர்த்தோம்.

டெபாசிட் விருதுக்கு வருகிறேன். தோற்றவர்களுக்கான விருது இது. மேட்டூரில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கும் பத்மராஜனைப் பற்றித் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1988-இல் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றிருக்கிறார். ஒன்றிலும் ஜெயித்ததில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கும் மனு போட்டிருக்கிறார். அதிகபட்சமாக அவர் வாங்கியது 2011-இல் மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில், 6,273 வாக்கு. அவரை வேடிக்கைச் செய்தியாக மட்டும் போடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மனு போடப் பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லை, சாதாரண ஆளும் போய் வரிசையில் நிற்கலாம் என்பதைச் சொந்தக் காசைச் செலவழித்து இத்தனை வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஊருக்குக் கீழே, அதே ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள் தோற்றவரை மதிக்காவிட்டால் எப்படி?

காமராசரே 1967-இல் விருதுநகரில் 1,285 வாக்கில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அண்ணா 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். 2016-இல் ராதாபுரத்தில் முடிவு 49 வாக்கில் போனது. 2021-இல் தியாகராய நகரில் 137, எங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியில் 281. தோற்பதும் ஜெயிப்பதும் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வார்டுத் தேர்தலில் இன்னும் பக்கம்.

எங்கள் ஊரில் ஒரு தேர்தலில் ஒருவர் பதினோரு வாக்கு வாங்கினார். வீட்டில் ஓட்டு இருந்ததே ஒன்பது. நொந்துபோய் ஒரு மாதம் கடைவீதிப் பக்கமே வரவில்லை. ஆடிக்குக் கூப்பிட்டோம். மடலில் அவர் வாக்குச் சேகரிக்க வந்தபோது வீடு வீடாகக் குறித்து எடுத்த பட்டியலை எழுதியிருந்தேன்: எந்தச் சந்தில் சாக்கடை அடைப்பு, எந்தக் கிழவிக்கு முதியோர் பணம் வரவில்லை, எந்தத் திருப்பத்தில் நாய்த் தொல்லை. ஜெயித்தவரிடம்கூட அப்படி ஒரு பட்டியல் இல்லை. "பதினோரு பேர் ஓட்டுப் போட்டார்கள், நூற்றெண்பது வீட்டுக் குறையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள்" என்று படித்து முடித்ததும், ஜெயித்த உறுப்பினர் எழுந்துபோய் அவரிடம் அந்த நோட்டைக் கேட்டார். அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம், "படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துருங்க, அடுத்த தேர்தலுக்கு வேணும்" என்று கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எல்லா வருடமும் இப்படி நல்லபடியாக நடக்கவில்லை. 2008-இல் ஒரு தவறு செய்தேன். ஓர் உறுப்பினர் மன்றக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வரவில்லை. நான் அவருக்கு நாற்காலி விருது என்று எழுதி, அவர் நாற்காலிக்கு ஆள் தேடுவதாக நீட்டி முழக்கினேன். அய்யா அந்த வருடம் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார், பென்சில் இல்லை. படித்தபோது ஊர் சிரித்தது. முன் வரிசையில் அவர் மகள், எட்டாவது படிக்கிற பிள்ளை, சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் மனைவிக்கு ஈரோட்டில் டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு நாள் அவர்தான் கூட்டிப் போய் வந்தார். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எழுந்து வந்து, தேங்காயை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "விடு கண்ணு, உனக்குத் தெரியாதில்ல" என்றார். அவர் மகளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அய்யா திரும்பி வந்து திட்டவில்லை. அண்ணாவைப் பற்றிச் சொன்னார். தன்னை ஏசியவர்களைப் பார்த்து "வாழ்க வசவாளர்கள்" என்றவர் அண்ணா. அவரைக் கேவலமாகத் திட்டி யாரோ எழுதி வைத்த பலகைக்கு, ராத்திரியிலும் மக்கள் படிக்கட்டும் என்று விளக்கு வைக்கச் சொன்னதாகக் காஞ்சிபுரத்துப் பக்கம் இன்றும் சொல்வார்கள். "அது வாங்கிக்கறவரோட பெருந்தன்மை. அதை நம்பி நாம எழுதக் கூடாது" என்றார் அய்யா. அதற்கப்புறம் மடலில் போகும் ஒவ்வொரு காரியத்தையும் முதலில் அந்த உறுப்பினர் வீட்டில் போய் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விசாரிக்கப் போகிற இடத்தில்தான் பாதி விஷயம் கிடைக்கிறது.

ஜெர்மனியில் ஆஹன் என்றொரு நகரத்தில் இதே மாதிரி ஒன்று நடப்பதை ஒரு கட்டுரையில் படித்துச் சந்தோஷப்பட்டேன். 1950-இலிருந்து திருவிழாக் காலத்தில் ஒரு பதக்கம் கொடுக்கிறார்கள், உம்மென்று இருப்பதற்கு எதிரான பதக்கம் என்று பெயர். பதவியில் இருந்துகொண்டு நகைச்சுவையையும் மனிதத் தன்மையையும் விடாதவர்களுக்கு அது. முதல் பதக்கம், சிறைக் கைதி ஒருவரைத் திருவிழா நாட்களுக்கு மட்டும் வெளியே விட்ட ஒரு பிரிட்டிஷ் ராணுவ வழக்கறிஞருக்கு. 1959-இல் நாட்டின் சான்சலராக, அதாவது நம் பிரதமர் மாதிரியான பதவியில், இருந்த அடினாவரே வாங்கியிருக்கிறார். வாங்குகிறவர் ஒரு கூண்டுக்குள் நின்று பேச வேண்டுமாம். அங்கே கூண்டு, எங்களுக்கு ஜமக்காளம். அய்யாவிடம் சொன்னபோது, கூண்டு வேண்டாம், சமமாக உட்கார்ந்தால் போதும் என்றார்.

இனிச் சொல்வது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். அறிவிக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. உறுப்பினர்களின் ஐந்து வருடமும் அதே மாதம் முடிந்தது. உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஆறு மாதம் என்றார்கள். இன்னொரு ஆறு மாதம் என்றார்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் பல மாவட்டங்களிலும், மிச்ச மாவட்டங்களில் 2021-லும் நடந்தது. எங்களைப் போன்ற பேரூராட்சிகளுக்கு வரவில்லை. ஐந்து வருடத்துக்கும் மேல் எங்கள் ஊரில் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

2017 ஆடி வந்தபோது விருது கொடுக்க ஆள் கிடையாது. சும்மா விட்டுவிடலாம் என்றேன். அய்யா கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பதினைந்து நாற்காலி வாங்கி வந்து, அதுவரைக்கும் நாற்காலியே போடாத திடலில் வரிசையாகப் போட்டோம். ஒவ்வொரு நாற்காலியிலும் சாக்பீஸால் வார்டு எண். ஊர்க்காரர்கள் வந்தார்கள், தேங்காய் சுட்டார்கள். மைக்கை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வார்டின் குறையாகப் படித்தேன். எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, எந்த விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தனி அலுவலர் கெட்டவர் இல்லை. அவருக்கு எங்கள் ஊரோடு இன்னும் நாலு பொறுப்பு, எங்கள் தெரு அவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் சாயங்காலம் பால் வாங்கப் போகிற உறுப்பினரை நிறுத்தி, "ஏனுங்க, சாக்கடை என்னாச்சு?" என்று கேட்போம். அவர் நெளிவார், சாக்குச் சொல்வார், ஆகட்டும் பார்க்கலாம் என்பார். சாக்குச் சொல்லவாவது ஓர் ஆள் நம் தெருவில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போது தெரிந்தது. அந்த வருடம் பதினைந்து தேங்காயையும் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுத்தோம். குடம் அக்கா நான்காம் எண் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலை முனையால் அந்த எண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருடங்களில் அதுவும் நின்றது. 2020-இல் அய்யா போய்விட்டார். கொரோனாக் காலம். இருபது பேருக்கு மேல் கூட முடியவில்லை. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை நானே என் கடையில் அடித்தேன். அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் போடவில்லை. "நூலகர்" என்று மட்டும் போட்டேன்.

2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. தமிழ்நாடு முழுக்க 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி, 12,838 வார்டு. பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் பதினைந்தில் எட்டுப் பேர் பெண்கள். நான்காவது வார்டில் ஜெயித்தது இருபத்தாறு வயதுப் பெண், பொறியியல் படித்துவிட்டு ஊரிலேயே இருப்பவர். பொறுப்பேற்ற மறுவாரமே கடைக்கு வந்தார். பேனருக்கு என்று நினைத்து நான் கணினியில் பட்டங்களைத் திறந்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்கண்ணா. ஆடிக்கு மறுபடி வைக்கறீங்களான்னு கேட்க வந்தேன். எங்கம்மா வாங்கினதாச் சொல்லுவாங்க."

1997-இல் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை இவர்தான்.

மறுபடி தொடங்கினோம். அந்த வருடம் ஆடி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, நல்ல கூட்டம். பேனர் வைக்கவில்லை. 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் சரிந்த பேனரால் ஓர் இளம்பெண் உயிர் போன பிறகு, தெருவில் நிறுத்துகிற பேனர் எதையும் நான் செய்வதில்லை. வருமானம் குறைந்ததுதான், பரவாயில்லை. நூலகத்திலிருந்து கரும்பலகையைத் தூக்கி வந்து அதில் எழுதினோம். ஆறு வருட இடைவெளிக்கு அப்புறம் வந்த புதிய உறுப்பினர்களுக்குச் சிரிப்பு பழகவே நேரம் பிடித்தது. ஒருவர் மடலைக் கேட்டு முகம் சிவந்து எழுந்தார். அவர் பிள்ளைகள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அடுத்த வருடம் அவரே தனக்கு என்ன விருது என்று வைகாசியிலேயே வந்து கேட்டார்.

2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் வருகிறது. அதற்கு முன்னால் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் அமர்வுப்படிதான். பெரிய தொகை இல்லை, ஆனாலும் நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். குடம் அக்கா மன்றக் கூட்டம் நடக்கிற நாளில் பீடி சுற்ற முடியாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போய் வந்தார். ஊர் வேலைக்கு வருகிறவரை வீட்டில் பட்டினி போட்டுவிட்டு, அப்புறம் அவர் கமிஷன் வாங்குகிறார் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன ஆடிக்கு நான்காவது வார்டுப் பெண்ணுக்கு விருது கொடுத்தோம். குடத்துக்கு வேலை இல்லை இப்போது, வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்துவிட்டது. தண்ணீர்தான் சில நாள் வருவதில்லை. எந்தத் தெருவுக்கு எந்த மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் காலை ஐந்தரைக்கே அவர் குரல் பதிவு போட்டுவிடுவார். தூக்கக் குரல், நடுவில் ஒரு கொட்டாவி. வார்டு முழுக்க அந்தக் கொட்டாவிக்குத்தான் எழுந்திருக்கிறது. ஆகவே கொட்டாவி விருது. மடலை நான் படிக்கும்போது யாரோ கைப்பேசியில் அந்தப் பதிவைப் போட்டுவிட, மைக்கில் கொட்டாவி கேட்டது. திடல் உருண்டு சிரித்தது. முன் வரிசையில் குடம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தேங்காய் நெருப்பிலிருந்து அப்போதுதான் வந்தது. பெண் குச்சியைப் பிடித்து வாங்கினார், அவருக்குப் பிடிக்கத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினார். அக்கா குச்சியை வாங்காமல், எழுந்து நின்று, முந்தானையைச் சுருட்டி நீட்டினார்.